வெயில், தண்ணீர், உடம்பு: நன்கொடை பற்றி எல்லை ஊர்களில் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வீட்டில் தமிழும் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளமும் பேசுகிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. வெயிலுக்கும் தண்ணீருக்கும் உடல்நலத்துக்குமாக ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பணம் தர விரும்புகிறவர்கள் ஒரு பக்கம் கேள்வி கேட்கிறார்கள். "அந்தப் பணம் எதுக்கு, யாருக்கு?" என்று ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த ஊர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி. ஆந்திராவில் உள்ள சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பஞ்சாயத்துகள். எங்களுக்குக் கடைக்கும் கல்யாணத்துக்கும் பொள்ளாச்சி, பெரிய நோய் வந்தால் கோயம்புத்தூர், ரேஷனுக்கும் ஓட்டுக்கும் கேரளம்.

கேரளாவில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். எங்கள் பக்கம் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறதே, பாலக்காட்டுக் கணவாய், அதன் கிழக்கு வாசலில் நாங்கள் இருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று நேராக எங்கள் மேல்தான் வீசும். மாசி பிறப்பதற்குள் மண் வெடித்துவிடும்.

ஆற்று நீருக்கு ஆழியாற்றை நம்பியிருக்கிறோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். மழை பொய்க்கிற வருஷம் இரண்டு மாநிலமும் இதற்காகக் கடிதம் எழுதிக்கொள்ளும். வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர்கள் போர்வெல்லை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்குவார்கள். இறக்க வசதியில்லாதவர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைப்பார்கள்.

வறட்சி எங்களுக்குப் பழசு. இதில் 'காலநிலை மாற்றம்' எங்கே வருகிறது?

வறட்சி பழசுதான், சூடு புதுசு. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விட்டது. எங்களைக் கேட்டால், பகலைவிட இரவுதான் கொடுமை என்போம். சிமெண்ட் ஷீட் கூரை ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும். பகலெல்லாம் வெயிலில் நின்ற உடம்பு ராத்திரியிலாவது ஆறினால்தான் மறுநாள் வேலைக்குத் தாங்கும். ஆறவில்லை என்றால் அடுத்த நாள் வெயில் அந்தக் களைப்பின் மேலேயே விழுகிறது.

வெயில் எல்லோருக்கும் ஒன்றுதானே? உடல்நலத்தில் 'சமநீதி' என்று தனியாகப் பேசுவது ஏன்?

வெயில் ஒன்றுதான், நிழல்தான் ஒன்றில்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

முதலமடை மாந்தோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சீக்கிரம் காய்க்கிற மாம்பழங்களில் முதலமடை மாம்பழமும் ஒன்று. காய் பறிப்பு தை மாசி தொடங்கிச் சித்திரை வரை போகும். அதாவது சூடு ஏறஏறத்தான் வேலையும் ஏறும். தோப்பு உரிமையாளருக்கும் அதே சித்திரைதான், ஆனால் அவர் மதியத்தில் வீட்டுக்குள் இருக்கலாம். பறிக்கிறவர், கூடை சுமக்கிறவர், தரம் பிரிக்கிற பெண் யாரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு உள்ளே போக முடியாது. தென்னையில் கள் இறக்குகிறவருக்கும் அப்படித்தான், பாளை சீவுகிற வேளையைத் தள்ளிப்போட முடியாது.

கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஓரளவு நடைமுறைக்கும் வருகிறது. காய்க்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் தருவார்கள்? அதற்கு உத்தரவில் பதில் இல்லை.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. தோப்பில் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். சாயங்காலம் தலைவலி, காலில் தசைப்பிடிப்பு, நீர்க்கடுப்பு. இதையே வருஷக்கணக்கில் செய்தால் சிறுநீரகம் தாங்காது. தமிழ்நாட்டில் வேலை செய்கிற கர்ப்பிணிப் பெண்கள் 800 பேரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "இதைத்தானே நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார்கள்.

'ஊர் மக்களே முன்னின்று' என்கிறீர்கள். படித்த நிபுணர்கள் செய்ய வேண்டிய வேலை இல்லையா இது?

நிபுணர்கள் வேண்டும். ஆனால் யார் முதலில் பேசுவது, யார் பின்னால் வருவது என்று ஒரு முறை இருக்கிறது. அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பிளாச்சிமடை.

பெருமாட்டி பஞ்சாயத்தில் உள்ள சின்ன ஊர் அது. 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கொஞ்ச நாளில் பக்கத்தில் வசித்த எரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள் கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது என்றார்கள். சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது, கண் எரிகிறது என்றார்கள். அவர்கள் கையில் ஆய்வுக்கூடமோ அறிக்கையோ இல்லை. இருந்தது நாக்கும் தோலும்தான். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் மயிலம்மா. எரவாளர் பெண், பள்ளிக்கூடம் போகாதவர்.

ஆய்வுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-ல் பிபிசி வானொலி சோதித்துச் சொன்னது. அதே ஆண்டு பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு ஓடவே இல்லை. 2010-ல் மாநில அரசின் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதை வாங்கித்தர ஒரு தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார்.

குழுவின் கூட்டத்தில் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் நான் இதை நினைத்துக்கொள்வேன். அந்தப் பெண்கள் சொன்ன அன்றே யாராவது நம்பி ஒரு நீர்ச் சோதனைக்கும் ஒரு மருத்துவ முகாமுக்கும் பணம் கொடுத்திருந்தால் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்! ஊர் முன்னின்று செய்வது என்றால் நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: உடம்பில் படுகிறவர் சொல்வதை முதல் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே செலவழிப்பது என்ற முடிவையும் அவரிடம் விடுங்கள்.

உலக அளவில் இதற்குப் பணம் இருக்கிறதா?

இருக்கிறது, மெல்லக் கூடியும் வருகிறது. ஐ.நா. காலநிலை மாநாட்டில் முதன்முறையாக உடல்நலத்துக்கென்று ஒரு நாள் ஒதுக்கியது 2023 டிசம்பரில், துபாயில். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரத்தில் கூடியபோது, 35-க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் சேர்ந்து காலநிலையும் உடல்நலமும் சந்திக்கிற வேலைகளுக்கு முதல் கட்டமாக 30 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. ராக்ஃபெல்லர், வெல்கம், கேட்ஸ் போன்ற பெரிய பெயர்கள் அதில் இருக்கின்றன.

பணம் எப்படித் தரப்பட வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. உள்ளூர் மக்கள் தலைமையில் நடக்கும் காலநிலைத் தகவமைப்புக்காக 2021-ல் எட்டுக் கொள்கைகளை வகுத்தார்கள், பல நாட்டு அமைப்புகள் அவற்றை ஏற்றன. முடிவெடுக்கும் அதிகாரம் முடிந்த அளவு கீழே இருக்க வேண்டும், பணம் பல ஆண்டுகளுக்கு நிச்சயமாகவும் எளிதில் கிடைக்கும்படியும் இருக்க வேண்டும் என்கின்றன அவை. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் குஜராத்தின் சேவா. 1972-ல் இலா பட் தொடங்கிய, அமைப்புசாரா வேலை செய்யும் பெண்களின் சங்கம். வெளி அறக்கொடை உதவியோடு அவர்கள் ஒரு வெப்பக் காப்பீடு நடத்துகிறார்கள். சூடு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், மருத்துவச் சீட்டு, விண்ணப்பம் என்று எதுவும் கேட்காமல் பெண்ணின் கணக்குக்குப் பணம் போய்விடும். 2024 கோடையில் சுமார் 50,000 பெண்கள் அதில் இருந்தார்கள். 'அந்த மூன்று மணி நேரக் கூலியை யார் தருவார்கள்?' என்று மேலே கேட்டேனே, அதற்கு நான் பார்த்த ஒரே உருப்படியான பதில் இது. எங்கள் மாந்தோப்புப் பெண்களுக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அந்தப் பணம் ஏன் எங்கள் ஊர் வரை வருவதில்லை?

வழி குறுகல். வெளிநாட்டுப் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் பதிவு வேண்டும். அதற்கு அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, பதிவுள்ள சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி யாருக்கும் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எங்களைப் போன்ற சின்னக் குழுக்களின் வாசல் அதோடு அடைந்துபோனது.

அடுத்தது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, ஆண்டு லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனியோ, சொத்து மதிப்பிலோ விற்றுவரவிலோ சட்டம் சொல்கிற அளவைத் தொட்ட கம்பெனியோ, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவழிக்க வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. எங்களுக்குக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையும் கோயம்புத்தூரும் தூரமில்லை, அதனால் முயலலாம். 12ஏ, 80ஜி என்கிற வரிச்சலுகைப் பதிவும், கம்பெனி நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் ஆட்கள். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போன ஊர்ப் பிள்ளைகள். தொகை சின்னதுதான். ஆனால் யாரும் படிவம் கேட்பதில்லை, பங்குனியில் கேட்டால் பங்குனியிலேயே வரும்.

எங்கள் குழு பதிவு செய்யவில்லை. பணம் வாங்கலாமா?

பெரிய பணம் வேண்டாம். குடும்பஸ்ரீ அயல்கூட்டமாகவோ (கேரள அரசுத் திட்டத்தில் இயங்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) பஞ்சாயத்தோடு சேர்ந்தோ சின்ன வேலைகளைச் செய்யுங்கள். பதிவு செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள்: சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதனால் இங்கே சங்கப் பதிவு 1955 திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின்படி நடக்கும், பழைய மலபார்ப் பகுதியில் 1860 சட்டப்படி. பாலக்காட்டிலேயே இரண்டும் உண்டு. ஒரு நடை மிச்சமாகட்டும் என்று சொல்கிறேன். ரொக்கம் வாங்கினால் அன்றே ரசீது கொடுங்கள், 80ஜி வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருகிறவருக்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பணம் வந்தால் முதலில் எதற்குச் செலவழிப்பீர்கள்?

ஷீட் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு வீட்டுச் சூட்டை 2 முதல் 5 டிகிரி வரை குறைக்கிறது. கைக்குழந்தை, கர்ப்பிணி, படுத்த படுக்கையான முதியவர் இருக்கிற வீட்டுக்கு முதலில் பூச வேண்டும். எந்த வீடு முதல் என்பதை அயல்கூட்டத்தில் பெண்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நான் போட்டு வைத்திருந்த பட்டியலை அவர்கள் மாற்றினார்கள். கடைசியில் நான் வைத்த வீட்டில் ராத்திரி டயாலிசிஸ் முடிந்து வருகிற ஒருவர் இருந்தார், அது எனக்குத் தெரியாது.

அடுத்து, தோப்புப் பக்கம் மறைப்புள்ள கழிப்பறையும் நிழலும் தண்ணீர்ப் பானையும். இது மூன்றும் சேர்ந்தே வர வேண்டும், கழிப்பறை இல்லாத இடத்தில் வைத்த பானையைப் பெண்கள் தொட மாட்டார்கள்.

அப்புறம் ஆட்களுக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிற பெண்ணும், கிணற்று நீர்மட்டம் குறிக்கிற பையனும் வெயிலில் அலைகிறவர்கள். பொருளுக்குப் பணம் தருகிறோம், சம்பளத்துக்குத் தர மாட்டோம் என்று சொல்கிற நன்கொடையாளர்கள் நிறைய. பொருள் தானாக நடந்து வீட்டுக்குப் போகாது. வீடு வீடாகப் போகும் அரசின் சுகாதார ஊழியர்களான ஆஷா பணியாளர்களின் நிலை தெரியுமல்லவா? 2025 பிப்ரவரியில் தொடங்கி மாதக்கணக்கில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்து கூலி கேட்டார்கள். சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வதை நாங்களும் தொடர முடியாது.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதில்லையா?

ஆமாம். அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதிலாக ஒரு மருத்துவமனை கட்ட நாங்கள் நினைப்பதில்லை. கேரளத்தில் பஞ்சாயத்துக்கு அதிகாரமும் திட்டப் பணமும் உண்டு, 1996 மக்கள் திட்டத்திலிருந்தே. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது கிடைக்கும். கிராம சபையில் போய்க் கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும்: எத்தனை வீட்டில் ஷீட் கூரை, எந்தக் கிணறு எந்த மாதம் வற்றியது, எத்தனை பேருக்குச் சிறுநீரகக் கோளாறு. நன்கொடைப் பணம் இந்தக் கணக்கை எடுக்கவும் கேட்கவும் உதவினால் போதும். வெப்ப அலையையும் வெயில் தாக்கையும் கேரளம் தன் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. இழப்பீடு உண்டு என்பது தோப்பில் விழுந்தவரின் வீட்டாருக்குத் தெரிவதில்லை.

தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அரசுக்குத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதும் உரிமையைத் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அப்படியே. இது சின்ன விஷயமில்லை. வெப்ப எச்சரிக்கை மலையாளத்தில் மட்டும் வந்தால், அதைப் படிக்கத் தெரியாத பாட்டி அன்றும் பருத்திமார் பொறுக்கப் போவாள். எச்சரிக்கையைத் தமிழில் கேட்டு மனு எழுதுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

யார் கொடுத்தாலும் வாங்குவீர்களா?

மாட்டோம். இங்கே நிலத்தடி நீரை எடுத்து வியாபாரம் செய்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டித்தர வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். பிளாச்சிமடைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு அதை வாங்கினால் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? கட்சிப் பெயரோ சாதிச் சங்கத்தின் பெயரோ பலகையில் எழுதச் சொல்லும் பணமும் வேண்டாம். இதில் எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறது. "குடிக்கிற தண்ணிக்குப் பேரா முக்கியம்?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் பெரும்பான்மை முடிவு இதுதான்.

கொடுக்கிறவர்களிடம் நீங்கள் கேட்பது என்ன?

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் பக்கத்து ஊரில் நீர் சுத்திகரிக்கும் எந்திரம் வைத்துக் கொடுத்தார். திறப்பு விழா நன்றாக நடந்தது. பெண்களைக் குடத்தோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டாம் கோடையில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்கு யாரிடமும் பணம் இல்லை, தந்தவர்களின் திட்டம் முடிந்திருந்தது. இப்போது அந்த அறையில் புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

அதனால் நாங்கள் கேட்பது: தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று வருஷமாவது தாருங்கள். பராமரிப்புக்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குங்கள். மழை பெய்துவிட்டால் தண்ணீர் லாரிக்கு வைத்த பணத்தைக் காய்ச்சல் முகாமுக்கு மாற்ற எங்களை விடுங்கள். அறிக்கையைத் தமிழில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கில் எதைக் கேட்டாலும் காட்டுகிறோம், நோயாளியின் முகத்தை மட்டும் படம் கேட்காதீர்கள்.

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே என்ன செய்வது?

நிழலுக்குத் தூக்கிப் போங்கள். துணியைத் தளர்த்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள், வண்டி வருகிற வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நேரில் வந்து பார்க்கலாமா?

வாங்க. பங்குனியில் வாருங்கள், ஐப்பசியில் வந்தால் எங்கள் ஊர் பச்சையாகத்தான் இருக்கும். காலை ஏழு மணிக்குள் வந்தால் தோப்பில் பெண்களோடு பேசலாம். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ பஸ் உண்டு. குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். எங்கள் வீடுகளில் கேட்டால் இருக்கிற கடைசிச் செம்பையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.